முதல் பந்தியில் யார்?
தில்லியில் தீபாவளி விருந்து, மாலை இலட்சுமி பூசைக்குப் பின்னரே. 20 பேருக்கு 2 கிலோ கோதுமை மாவு, 1 கிலோ கொண்டைக்கடலை எனச் செலவைத் துல்லியமாகக் கணக்கிடும் நாம், உழைப்பைக் கணக்கில் கொள்வதேயில்லை. முந்தைய இரவே கடலையை ஊறவைப்பவர் யார்? நள்ளிரவில் பாத்திரம் துலக்குபவர் யார்? வங்கியில் ஒருவர் பதிவதை மற்றொருவர் சரிபார்த்தே ஆகவேண்டும். எங்கள் இல்லத்திலோ எல்லாம் என் மனைவி ஒருவரே. நான் மளிகைக்குப் பணம் செலுத்தியதோடு சரி.

சென்ற ஆண்டு ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் எழுதினோம். இனிப்பைக் கடையில் வாங்கினோம், அதில் இழுக்கொன்றுமில்லை. பாத்திரம் என் பொறுப்பு. மகன் பூரி பொரித்தான். முதல் பந்தியில் அமர்ந்த மனைவி, சூடாக இன்னும் இரண்டு கேட்டு வாங்கி உண்டார்.