வாங்குபவர் ஒருவர், எரிப்பவர் இன்னொருவர்

2022 மார்ச் மாதம் சிங்கப்பூரில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு கிளம்பிய கப்பல்கள் சில, வழியிலேயே திணறத் தொடங்கின. ஃப்யூவல் பம்ப்புகள் இறுகி நின்றன. சிலவற்றில் எஞ்சினே நின்றது. கையில் இருந்த ஆய்வக அறிக்கையைப் புரட்டினால் குறை எதுவும் இல்லை: அடர்த்தி சரி, பாகுத்தன்மை சரி, கந்தகம் சரி, தண்ணீர் சரி. காகிதத்தில் முதல் வகுப்பில் தேறிய எண்ணெய், பம்ப்புக்குள் போனதும் தோற்றுவிட்டது.

சிங்கப்பூர் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் விசாரணையில் காரணம் வெளிவந்தது. எண்ணெயில் குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள் இருந்தன. பெயின்ட் கரைக்கவும் உலோகத்தின் பிசுக்கு போக்கவும் பயன்படுகிற ரசாயனக் குடும்பம் அது. அளவு 25,000 பிபிஎம் வரை, அதாவது எண்ணெயில் இரண்டரை சதவீதம். ஐக்கிய அரபு அமீரகத்தின் கோர்ஃபக்கான் துறைமுகத்தில் ஏற்றப்பட்ட சரக்கு அது என்று தடம் காட்டியது. சுமார் 200 கப்பல்கள் அந்த எண்ணெயை நிரப்பியிருந்தன. சுமார் 80 கப்பல்களில் கோளாறு பதிவானது.

தற்செயலான விபத்து என்று இதைக் கடந்துபோக முடியாது. கப்பல் எண்ணெய்த் தொழில் எந்த அடித்தளத்தில் நிற்கிறதோ, அந்த அடித்தளமே இப்படியொரு சம்பவத்துக்கு வழி திறந்து வைத்திருக்கிறது.

சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று விலை போகிறதையெல்லாம் பிரித்தெடுத்த பிறகு அடியில் தங்குவது கசடு. கறுப்பாக, தார் போல, குளிர்ந்தால் நகர மறுக்கும். ஃபர்னஸ் ஆயில், பங்கர் ஆயில் என்று தொழில்காரர்கள் சொல்வது இதைத்தான். நீராவிக் கப்பல்களின் காலத்தில் இது பாய்லருக்குப் போனது. பாய்லர் அவ்வளவாக நாக்கு பார்க்காது; சூடாக்கித் தெளித்துத் தீ வைத்தால் போதும். டீசல் எஞ்சின் அப்படியல்ல, அதற்குத் தெளிந்த எண்ணெய்தான் வேண்டும் என்று வெகுநாள் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தவர் ஜான் லாம்ப். ஷெல் குழுமத்தைச் சேர்ந்த ஆங்கிலோ-சாக்ஸன் பெட்ரோலியம் நிறுவனத்தின் பொறியாளர். 1946-இல் அந்நிறுவனத்தின் ‘ஆரிகுலா’ என்ற டேங்கர் கப்பலில், பாய்லருக்கு ஊற்றும் மலிவு எண்ணெயைச் சுத்தப்படுத்தி டீசல் எஞ்சினில் எரித்துக் காட்டினார். செலவு குறைந்தது, உலகமே பின்தொடர்ந்தது.

லாம்ப் எரித்த கசடு வேறு, இன்றைய கசடு வேறு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் கூடுதலாகப் பெட்ரோலும் டீசலும் கறக்க ஆரம்பித்தன. மாட்டைக் கடைசிச் சொட்டு வரை கறந்தால் மடியில் என்ன மிஞ்சும்? கனமான மூலக்கூறுகளை உடைக்கும் முறைகள் பரவப் பரவ, அடியில் தங்கும் கசடு மேலும் மேலும் அழுக்கானது. உடைக்கப் பயன்படும் வினையூக்கியின் துகள்களும் அதில் வந்து சேர்ந்தன.

இந்தத் துகள்கள் அலுமினியம், சிலிக்கான் ஆக்சைடுகள். கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் உப்புத்தாள் போல உராய்பவை. சிலிண்டர் லைனரின் வார்ப்பிரும்புப் பரப்பில் புதைந்து, மேலும் கீழும் போகும் பிஸ்டன் ரிங்கை ஒவ்வொரு சுழற்சியிலும் அரைக்கும். ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய ரிங்குகள் சில நாட்களில் தேய்ந்துபோன கப்பல்கள் உண்டு. பரவலாக விற்கும் 380 ரக எண்ணெயில் அலுமினியமும் சிலிக்கானும் சேர்ந்து கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது ஐஎஸ்ஓ 8217 என்னும் சர்வதேசத் தரம். எஞ்சின் தயாரிப்பாளர்களோ, உள்ளே நுழையும்போது 15-க்கு மேல் இருக்கக் கூடாது என்கிறார்கள். அறுபதைப் பதினைந்தாக்கும் வேலை கப்பலில் இருப்பவர்கள் தலையில்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் எஞ்சின் ரூம்காரர்கள் மீது மரியாதை வரும். தொட்டியில் எண்ணெய் உறையாமல் நீராவிக் குழாய் வைத்துக் காக்க வேண்டும். பிறகு பியூரிஃபையர். வேகமாகச் சுழன்று தண்ணீரையும் துகளையும் வெளியே தள்ளும் இயந்திரம். இங்கே ஒரு சங்கடம்: இந்த எண்ணெயின் அடர்த்தி கனமீட்டருக்கு 991 கிலோ வரை போகும், தண்ணீர் 1,000. கனத்தில் அண்ணன் தம்பி போல நிற்கும் இரண்டையும் சுழற்றிப் பிரிப்பது எளிதல்ல. அதனால்தான் 98 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள்; அதற்கு மேல் போனால் தண்ணீர் கொதித்துவிடும். எஞ்சினுக்குள் தெளிக்கும் அளவுக்கு இளக 130, 140 டிகிரி வேண்டும். இவ்வளவு செய்தும், கடல் கொந்தளிக்கும்போது தொட்டியின் அடியில் மாதக்கணக்கில் படிந்த துகள்கள் கலங்கி எழுந்து ஒரே நேரத்தில் ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான்.

நாக்கு பார்க்காத பாய்லரும் முழுக்கத் தப்பியதில்லை. கசடு எண்ணெயில் வனேடியம் என்ற உலோகம் கலந்திருக்கும். கடல்நீர் வழியாகச் சோடியமும் சேர்ந்தால், எரிந்த சாம்பல் 600 டிகிரிக்கும் கீழேயே உருகி, சூப்பர்ஹீட்டர் குழாய்களில் பிசினாக ஒட்டி உலோகத்தை அரிக்கும். டீசல் எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் இதே கதி. புகைபோக்கி வழியில் இருக்கும் வெந்நீர்க் குழாய்களில் கரி படிந்து தீப்பற்றுவது தனிக் கதை.

இத்தனை தொல்லை தெரிந்தும் ஏன் மலிவு எண்ணெய்? விலை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. கால வாடகைக்குப் போகும் கப்பல்களுக்கு எண்ணெய் வாங்கித் தருவது சார்ட்டரர், அதாவது வாடகைக்கு எடுத்தவர். எஞ்சின் உரிமையாளருடையது. எண்ணெயில் டன்னுக்குச் சில டாலர் மிச்சம் பிடித்தால் லாபம் முன்னவருக்கு. லைனர் தேய்ந்தால் மாற்றும் செலவு முதலில் பின்னவருக்கு. பிறகு வழக்கு நடத்தி வாங்கிக்கொள்ளலாம். விற்றவரின் ஒப்பந்தமோ, தரம் பற்றிய புகாரைச் சில நாட்களுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று கெடு வைத்திருக்கும். சமையலுக்கு எண்ணெய் வாங்குகிறவர் சாப்பிடுகிறவராக இல்லாத வீட்டில் எந்த எண்ணெய் வரும் என்று சொல்லவா வேண்டும்?

சோதனை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. எண்ணெய் ஏறும்போதே சொட்டுச் சொட்டாக மாதிரி பிடித்து, சீல் வைத்து, குறைந்தது 12 மாதம் கப்பலில் பத்திரமாக வைக்க வேண்டும் என்பது கப்பல் மாசைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச உடன்படிக்கையின் விதி. ஆய்வக முடிவு வருவதற்குள் கப்பல் கரையை விட்டு நெடுந்தூரம் போயிருக்கும். அதைவிட முக்கியம், ஐஎஸ்ஓ அட்டவணையில் என்ன கேட்கப்பட்டிருக்கிறதோ அதற்குத்தான் பதில் வரும். குளோரின் சேர்மத்தை அட்டவணை கேட்கவில்லை. இயந்திரத்துக்குக் கேடு தரும் எதுவும் கலக்கக் கூடாது என்று பொதுவாக ஒரு வரி உண்டு. எது, எவ்வளவு என்று வரையறுக்காத வரியை வைத்துக்கொண்டு வழக்காடலாம்; எஞ்சினைக் காப்பாற்ற முடியாது. 2018-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தொடங்கிப் பனாமா, சிங்கப்பூர் வரை நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களைத் திணறடித்த எண்ணெயும் வழக்கமான சோதனைகளில் சிக்காமல் தப்பியதுதான்.

சிங்கப்பூர் விவகாரத்தில் கசப்பான பகுதி இனிமேல்தான். எண்ணெய் விற்ற இரு நிறுவனங்களில் பெட்ரோசைனா, சந்தேகம் எழுந்ததும் விநியோகத்தை நிறுத்தியது. கிளென்கோரோ, மாதிரியில் சுமார் 21,000 பிபிஎம் இருப்பதாக ஆய்வகம் தெரிவித்த பின்னும், மார்ச் 22 முதல் ஏப்ரல் 1 வரை 24 கப்பல்களுக்கு அதே எண்ணெயைத் தந்தது என்று துறைமுக ஆணையம் கண்டறிந்தது. கிளென்கோரின் உரிமம் ஆகஸ்ட் 18 முதல் இரண்டு மாதம் முடக்கப்பட்டது. ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் விற்கும் உலகின் மிகப்பெரிய பங்கர் சந்தையில் இரண்டு மாதம் கடையைச் சாத்துவது சின்னத் தண்டனையா, பெரியதா என்பது யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

எஞ்சின் நின்றாலே எண்ணெய்தான் காரணம் என்று பாய்வதும் தவறு. 2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் ‘டாலி’ கப்பல் மின்சாரம் இழந்து பாலத்தை இடித்துத் தள்ளியபோது, அழுக்கு எண்ணெய்தான் காரணம் என்ற பேச்சு அன்றே பரவியது. அமெரிக்க விசாரணை அமைப்பு எண்ணெயைச் சோதித்தது, குறை இல்லை. கடைசியில் சிக்கியது சரியாகப் பொருந்தாத ஒரு வயர். ஆனாலும் அந்தச் சந்தேகம் அத்தனை பேருக்கும் உடனே வந்தது என்பதிலேயே இந்தத் தொழிலின் நற்பெயர் தெரிகிறது.

2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கரையோர மக்களின் நுரையீரலுக்கு நல்லது. அதில் இரண்டாம் கருத்து இல்லை. எஞ்சினுக்குப் புதுத் தலைவலி: கந்தக வரம்புக்குள் கொண்டுவரப் பலவகைச் சரக்குகளைக் கலக்கிறார்கள். ஒரு துறைமுகத்தில் வாங்கியது நல்ல எண்ணெய், இன்னொரு துறைமுகத்தில் வாங்கியதும் நல்ல எண்ணெய்; ஒரே தொட்டியில் ஊற்றினால் பாலில் எலுமிச்சை பிழிந்த கதையாகத் திரிந்து கசடாக இறங்கும். புகையைக் கழுவும் ஸ்க்ரப்பர் பொருத்திய ஆயிரக்கணக்கான கப்பல்களுக்கோ பழைய கந்தக எண்ணெயே இன்னும் போகிறது. 2022-இல் கெட்டுப்போனதும் அந்த ரகம்தான்.

அளவில் நடந்த தில்லுமுல்லை ஒழிக்க முடிந்திருக்கிறது. எண்ணெயோடு காற்றை ஊதி நுரைக்கவைத்துத் தொட்டியை நிறைத்துக் காட்டும் வித்தைக்குத் தொழிலில் ‘கப்புசினோ’ என்று பெயர். டீ ஆற்றத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2017-இல் சிங்கப்பூர், எடையை நேரடியாக அளக்கும் மீட்டரைக் கட்டாயமாக்கியதும் அங்கே நுரை எடுபடவில்லை. தரத்திலும் அதே துறைமுகம்தான் முந்திக்கொண்டது. 2024 ஜூன் 1 முதல், அங்கே விற்கும் கசடு எண்ணெயில் குளோரின் கரிமச் சேர்மம் 50 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. விற்பவர்தான் சோதித்துத் தர வேண்டும். பெரும்பாலான துறைமுகங்களில் அந்தச் சோதனை கப்பல் தரப்பு தனியாகக் கேட்டுப் பணம் கட்டினால்தான் நடக்கும். பணத்தைக் கட்டுவது சார்ட்டரரா, உரிமையாளரா என்று ஒப்பந்தத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் கொண்டுவரும் பார்ஜ் வந்து கப்பலின் பக்கத்தில் அணைந்துவிடும்.