அப்பா இப்படியே இருக்கட்டும்

“உன் அப்பாவுக்கு வேறு வேலையே இல்லையா?” தொடக்கப்பள்ளி நாள்களிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அப்பாவுக்கு வேலை இருக்கிறது. பேருந்து ஓட்டுகிறார். ஓய்வு நாளில்தான் அவருடைய இன்னொரு வேலை தொடங்கும். பிறர் வேண்டாமென்று போட்ட வானொலி, மின்விசிறி, சுவர்க்கடிகாரம் என எது கண்ணில் பட்டாலும் வீட்டுக்குத் தூக்கி வந்து பழுதுபார்ப்பார்.

முன்பெல்லாம் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தைக்கு வாராவாரம் போவாராம். 2017 ஜூலையில் அந்தச் சந்தை மூடப்பட்டபோது, நெருங்கிய உறவினரைப் பறிகொடுத்தவர்போல இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தாராம். அம்மா இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால், அம்மாவின் குறையிலும் நியாயம் இருக்கிறது. எங்களுடையது நான்கறை வீடு. அதில் ஓர் அறையை வானொலிகளே பிடித்துக்கொண்டன. வெளியே தாழ்வாரத்தில் பொருள் வைத்தால், ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. அப்பா மாதம் ஒருமுறை அளவு நாடாவுடன் போய் அதை அளந்து பார்ப்பார். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் ஏதாவது ஒன்று உள்ளே வந்துவிடும். அம்மாவின் குரலும் உயர்ந்துவிடும்.

சுற்றுச்சூழலுக்காகத்தான் அவர் இப்படிச் செய்கிறார் என்று ஒருமுறை வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். நம் குப்பையின் சாம்பல் போய்ச் சேரும் செமாக்காவ் நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று கணித்திருக்கிறார்கள் அல்லவா? வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். “அதெல்லாம் பெரிய விஷயம்மா. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து இந்தத் திருகாணியை முடுக்கியிருக்காங்க. ஒரு கம்பி விட்டுப்போச்சுன்னு அதைத் தூக்கிப் போடலாமா?” என்றார்.

பக்கத்து வீட்டு மக்சிக்கின் வானொலி ஒருநாள் பேசாமல் போனது. அவருடைய காலஞ்சென்ற கணவர் வாங்கிய வானொலி அது. புதியது வாங்கித் தருவதாகப் பிள்ளைகள் சொல்லியும் அவர் கேட்கவில்லை. அப்பா சிம் லிம் டவருக்குப் போய் ஓர் உதிரிப்பாகம் வாங்கி வந்து, இரவு பன்னிரண்டு மணிவரை பற்றவைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை சுவருக்கு அப்பாலிருந்து வர்ணா 94.2 கேட்டது. கொஞ்சம் சத்தமாகவே கேட்டது. எங்கள் வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை.

இவ்வளவும் தெரிந்த நானே ஒருநாள் தவறு செய்தேன். பேருந்து நிறுத்தத்தில் தோழிகளோடு நின்றிருந்தேன். எதிரே அப்பா, துருப்பிடித்த மின்விசிறி ஒன்றைத் தோளில் சுமந்தபடி வந்தார். “அங்கே பாரேன்!” என்று ஒருத்தி சிரித்தாள். நான் சட்டென்று கைப்பேசியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டார். ஆனால், முன்பின் அறியாதவர்போலக் கடந்து போனார். எனக்கு வெட்கம் வரக்கூடாது என்பதற்காக.

இன்றுவரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். மற்ற அப்பாக்களைப்போல் இவரும் இருக்கக்கூடாதா என்று ஏங்கியவள்தான் நான். ஆனால், அறுந்த கம்பியையே பொறுமையாகத் தேடும் மனிதரால்தான் மகளின் முகத்தையும் அப்படிப் படிக்க முடிகிறது என்று இப்போது நினைக்கிறேன். ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்று நான் எப்படிக் கேட்பது?

மறுநாள் என் தோழிகளிடம் உண்மையைச் சொன்னேன். அவர்களில் ஒருத்தி தன் பாட்டியின் கடிகாரத்தைக் கொண்டுவரலாமா என்று கேட்டாள்.

அந்த மின்விசிறி இப்போது என் படிப்பு மேசைக்குப் பக்கத்தில் சுழல்கிறது. மூன்றாம் எண்ணை அழுத்தினால் மட்டும் இலேசாக முனகும். “அதையும் சரிசெய்து தரட்டுமா?” என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.