நீர் அடைக்கும் முன்பே வாருங்கள்

பழவேற்காடு ஏரியில் இறால் பாடு பெரும்பாலும் இரவில்தான். வலையைக் கட்டிவிட்டு நீரோட்டத்துக்காகக் காத்திருக்கும் மனிதருக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தால், அவர் அந்த இரவில் எத்தனை தடவை எழுந்து படகின் ஓரத்துக்குப் போகிறார் என்பது கூட இருப்பவருக்குத் தெரியும். எழுகிறார், முக்குகிறார், கொஞ்சம் போகிறது. உட்கார்ந்த அரைமணியில் மறுபடி எழுகிறார். கரைக்கு வந்தபின் இதைப் பற்றிப் பேச்சே இருக்காது. கேட்டால் ‘வயசாயிடுச்சு’, ‘பனிக்காத்து’, ‘சுகர் இருக்குது’ என்று ஏதாவது ஒரு பதில் வரும். கோட்டைக்குப்பமோ, நடுவூர் மாதாகுப்பமோ, லைட்ஹவுஸ் குப்பமோ, ஆண்கள் இந்தத் தொல்லையை மறைத்தே வாழப் பழகியிருக்கிறார்கள். மறைப்பதால் வரும் சேதம் பெரிது. அதனால் விவரமாகவே பேசிவிடுவோம்.

இந்தத் தொல்லைக்குப் பல நேரம் காரணம் புராஸ்டேட். இது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. விந்தில் கலக்கும் திரவத்தின் ஒரு பகுதி இங்கே சுரக்கிறது. இளைஞருக்கு இதன் எடை சுமார் 20 கிராம். நாற்பதைத் தாண்டினால் மெல்ல வளரத் தொடங்குகிறது. அறுபதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இந்த வளர்ச்சி இருக்கும். வளர்ந்த எல்லோருக்கும் தொல்லை வருவதில்லை. குழாயை எவ்வளவு நெருக்குகிறது என்பதே கணக்கு. ஏரியின் முகத்துவாரம் மண்மூடிப்போனால் உள்ளே நீர் தேங்குவதைப் பழவேற்காட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை. சிறுநீர்ப்பையிலும் நடப்பது அதுதான்.

இந்தச் சாதாரண வீக்கம் புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ‘போனால் கேன்சர் என்று சொல்லிவிடுவார்கள்’ என்ற பயத்தில் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் முதலில் இதை நம்ப வேண்டும்.

சர்க்கரை நோயாலும் இரவில் எழ நேரிடும். சர்க்கரை கட்டுப்படாதவருக்கு ஒவ்வொரு தடவையும் நிறையப் போகும், தாகமும் இருக்கும். புராஸ்டேட் நெருக்குகிறவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், தொடங்கவே நேரமாகும், வேகம் இருக்காது, முடிந்தபின்னும் சொட்டும், இன்னும் பாக்கி இருப்பதுபோலத் தோன்றும். இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் சகஜம். எனவே சுகர் மாத்திரை சாப்பிடுகிறவரும் இதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும்.

நின்று நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டியது நீரடைப்பு. இது இரண்டு விதமாக வருகிறது. ஒன்று திடீரென்று வருவது. மது, மலச்சிக்கல், வெகுநேரம் அடக்கிவைத்தல், கடையில் கேட்டு வாங்கிப் போட்ட சளி மாத்திரை இவற்றில் எதுவும் அதற்குத் தூண்டுதலாகலாம். சில சளி மாத்திரைகள் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும், சில பையின் சுருங்கும் வலுவைக் குறைக்கும். ஒரு சொட்டும் போகாது, அடிவயிறு புடைக்கும், வலி பொறுக்க முடியாது. நெருஞ்சிமுள் கஷாயமும் பார்லித் தண்ணீரும் கொடுக்கும் நேரம் இதுவல்ல. போக வழியில்லாத இடத்தில் மேலும் மேலும் குடிப்பது வேதனையைத்தான் கூட்டும். 108-ஐக் கூப்பிட்டு, ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கும் பொன்னேரி அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். டியூப் போட்டால் சில நிமிடங்களில் நிம்மதி கிடைக்கும்.

இன்னொன்று சத்தமில்லாமல் வருவது. இதைத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். பை மெல்ல மெல்ல நிரம்பி விரிந்து தளர்ந்துவிடும். வலி இருக்காது. நிரம்பி வழிவது மட்டும் சொட்டுச்சொட்டாக வெளியே வரும், படுக்கையும் நனையும். ‘போய்க்கொண்டுதானே இருக்கிறது, அடைப்பு எங்கே இருக்கிறது?’ என்று நினைத்துவிடுவார்கள். தேங்கிய நீரின் அழுத்தம் மேலேறி இரண்டு சிறுநீரகங்களையும் கெடுக்கும். கால் வீங்கி, சாப்பாடு பிடிக்காமல் வரும்போது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருக்கும். மாத்திரையால் தீர்ந்திருக்கக்கூடிய ஒன்று டயாலிசிஸ்வரை போவது இப்படித்தான்.

பரிசோதனைகள் எளியவை. சிறுநீர், சர்க்கரை, கிரியாட்டினின், வயிற்று ஸ்கேன். சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை ஸ்கேனில் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சுரப்பியின் அளவைவிட இந்த மிச்சம் அதிகம் சொல்லும். மருத்துவர் ஆசனவாய் வழியாக விரல்விட்டு ஒரு நிமிடம் தடவிப் பார்ப்பார். கூச்சமாக இருக்கும்தான். ஆனாலும் கல்லுபோல ஒரு கட்டி தட்டுப்படுகிறதா என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தொல்லை லேசாக இருந்தால் மருந்தே வேண்டாம். மாலைக்குமேல் டீயையும் மதுவையும் குறைத்து, பகலில் போதிய தண்ணீர் குடித்துக் கவனித்து வந்தால் போதும். எழ வேண்டுமே என்று பகலிலும் தண்ணீரைக் குறைப்பது தவறு. வெயிலில் உழைக்கிற உடம்பில் அது கல்லையும் கிருமித் தொற்றையும் வரவழைக்கும்.

அடுத்த படி மாத்திரை. டாம்சுலோசின் குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது. சில நாட்களிலேயே பலன் தெரியும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரலாம், தொடக்க நாட்களில் அதிகம். தரையில் இருக்கிறவருக்கு இது சின்னத் தொல்லை. இருட்டில் ஃபைபர் படகின் ஓரத்தில் நிற்கிறவருக்கு உயிர்ப் பிரச்சினை. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: ‘ராத்திரி பாட்டுக்குப் போகிறவன்’ என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மாத்திரை தொடங்கும் முதல் சில நாட்கள் கரையிலேயே இருங்கள். அதன்பின்னும் படகில் நின்று போகாமல், வாய் அகன்ற ஒரு கேனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே போங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுவதையும் மறைக்காதீர்கள். பிறகு கண்புரை அறுவைக்குப் போக நேர்ந்தால் இந்த மாத்திரையைப் பற்றிக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இது கண்மணியைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துவதால் அவர் முன்னேற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

ஃபினாஸ்டரைட், டூடாஸ்டரைட் இரண்டும் வேறு வகை. இவை பெரிதான சுரப்பியையே சுருக்குகின்றன. பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். ஒரு பட்டை தின்றுவிட்டு ‘கேட்கவில்லை’ என்று விடுவது பணத்துக்கும் உடம்புக்கும் நஷ்டம். சிலருக்கு உறவில் நாட்டம் குறையலாம். அப்படியானால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

மாத்திரைக்குக் கேட்காதபோதும், அடைப்பு திரும்பத் திரும்ப வரும்போதும், சிறுநீரகம் கெடத் தொடங்கும்போதும், பையில் கல் சேர்ந்துவிட்டாலும் அறுவைதான் சரி. பெரும்பாலும் வயிற்றைக் கிழிப்பதில்லை. முதுகில் மரப்பு ஊசி போட்டு, சிறுநீர்த் துவாரம் வழியாகவே கருவியைச் செலுத்தி, அடைக்கும் பகுதியைச் சுரண்டி எடுப்பார்கள். லேசரிலும் செய்கிறார்கள். பெரும்பாலோருக்கு டியூப் சில நாட்களில் எடுக்கப்பட்டுவிடும். ‘ஆண்மை போய்விடும்’ என்ற பயம் பரவலாக இருக்கிறது. விறைப்பை இந்த அறுவை பெரும்பாலும் பாதிப்பதில்லை. விந்து வெளியே வராமல் பைக்குள் போய்ச் சிறுநீரோடு கலந்து வெளியேறுவது பலருக்கு நடக்கும். அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை.

அறுவைக்குப்பின் நாலிலிருந்து ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. வலை இழுப்பது, படகு தள்ளுவது, ஐஸ் பெட்டி தூக்குவது எல்லாம் இதில் அடக்கம். அவசரமில்லாத அறுவையைப் பாடு குறையும் கோடைக்கு வைத்துக்கொள்ளலாம். காசிமேட்டு விசைப்படகுகளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் இருக்கிறது. நாள் கேட்கும்போதே மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இளவயதினருக்கு வருவது பெரும்பாலும் புராஸ்டேட் அழற்சி. கிருமித் தொற்றால் அது வந்தால் குளிர்காய்ச்சல், எரிச்சல், தொடைகளுக்கு நடுவே வலி. ஆன்டிபயாடிக்கை நான்கு வாரம்வரைகூடச் சாப்பிட வேண்டியிருக்கும். காய்ச்சல் விட்டதும் நிறுத்தினால் திரும்ப வரும்.

புற்றுநோய் தனி. பெரும்பாலும் சுரப்பியின் வெளிவிளிம்பில் தொடங்குவதால் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை துப்புக் கொடுக்கும், தீர்ப்புச் சொல்லாது. சாதாரண வீக்கத்திலும், தொற்றிலும், டியூப் போட்டபின்னும் அது ஏறும். பிஎஸ்ஏ அளவு 4-லிருந்து 10 வரை இருப்பவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே சதைப் பரிசோதனையில் புற்றுநோய் தெரிகிறது. தொல்லையே இல்லாத எல்லோருக்கும் இதைச் செய்வது சரியா என்பதில் உலகெங்கும் விவாதம் உண்டு. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2012-இல் வேண்டாம் என்றது. 2018-இல் 55 முதல் 69 வயதுவரை உள்ளவர்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம் என்று மாற்றிக்கொண்டது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தவர்கள் நாற்பத்தைந்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

இந்த நோய் எலும்புக்குப் பரவினால் முதுகுவலியாக வரும். ஆயுள் முழுக்க வலை இழுத்தவருக்கு முதுகுவலியைச் சந்தேகிக்கத் தோன்றாது. படுத்தாலும் தீராத வலி, உடல் மெலிவு, சிறுநீர்த் தொல்லை மூன்றும் சேர்ந்தால் தைலத்தோடு நிறுத்தக் கூடாது. பரவியபின்னும் வழி உண்டு. ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்த நோய் அடங்குகிறது என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். 1966-இல் அதற்காக நோபல் பெற்றார். அந்த ஹார்மோனை நிறுத்த ஊசி உண்டு, காலம் தவறாமல் போட வேண்டும். விரைகளை எடுக்கும் ஒரே ஒரு சிறு அறுவையும் அதே பலனைத் தரும். தூரத்திலிருந்து அலைய முடியாதவர்கள் மனம் ஒப்பினால் யோசிக்கலாம். பரவாத நிலையில் அறுவையோ கதிர்வீச்சோ முழுக்கக் குணமாக்கக்கூடும். மெதுவாக வளரும் வகையை வெறுமனே கண்காணிப்பதும் உண்டு.

தொடக்கத்துக்குப் பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையமே போதும். மேல்சிகிச்சைக்குப் பொன்னேரி, அங்கிருந்து மின்சார ரயிலில் போனால் வடசென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள்.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு வாசலுக்கு வருகிறவர்களும் பெண்கள்தான். அவர்களிடம் ஆண்கள் வாய் திறக்கக் கூசுவார்கள். உங்கள் வீட்டுக்காரர் ராத்திரி எத்தனை தடவை எழுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள்.