வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்

இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பிக்கப் வண்டியைக் காசு கொடுத்து வாங்குகிறவன் ஒன்று விவரமில்லாதவன், இல்லையென்றால் பேராசைக்காரன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் காட்டும் வழி ஒன்றே: முன்பணத்தைக் கட்டு, மீதிக்கு டியூ போடு, புது வண்டிக்கு மாலை போட்டு எடுத்து வா. கட்டுரையை மூன்று முறை படித்தேன். மீட்டர், மீட்டர் என்று பத்திக்குப் பத்தி வருகிறது. சேஸிஸ் ஓர் இடத்திலும் வரவில்லை. ஆர்.சி. இல்லை, எஃப்.சி. இல்லை, ஸ்பிரிங் பட்டை இல்லை, கிரவுன் இல்லை. தீர்ப்பு எழுதியவர் பழைய வண்டி ஒன்றின் கீழே ஒருநாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை என்பது அந்த விடுபடல்களிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் வாசலில் ஒரு நாள் நின்றால் தெரியும். முருங்கையும் தக்காளியும் ஏற்றி வரும் பிக்கப்புகளில் எத்தனை முதல் கை வண்டி, எத்தனை மூன்றாம் கை வண்டி என்று ஓட்டுகிறவர்களையே கேட்கலாம். அந்த மூன்றாம் கை வண்டிக்காரர்களுக்கு விவரம் இல்லையா? சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர் சொந்த வண்டிக்காரர் ஆவதற்கு இருக்கிற ஒரே படிக்கட்டு அது. அந்தப் படிக்கட்டை இடிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார் இவர். அதுவும் தப்புக் கணக்கைக் காட்டி.

முதலில் மீட்டர். 2.4 லட்சம் என்று எழுதிப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போடுகிறார். வண்டிக்குப் பத்து வயது என்றால் வருஷத்துக்கு 24,000. மாதத்துக்கு 2,000. மாதம் 25 நாள் ஓடினால் நாளைக்கு 80 கிலோமீட்டர். தோட்டத்திலிருந்து மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புகிற தூரம், அவ்வளவுதான். டீசல் இன்ஜின் நன்றாகச் சூடேறி, தார் ரோட்டில் சீராக ஓடுவது அதற்கு நல்லதே. அதே வயதுள்ள இன்னொரு வண்டியின் மீட்டரில் 90,000தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரஷரிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு எம்-சாண்ட் அடித்த வண்டி அது. ஒன்றேகால் டன் ஏற்ற வேண்டியதில் மூன்று டன் ஏற்றி, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் மண் பாதையில் முக்கி முக்கி ஏறியது. இவருடைய கணக்கில் இந்த இரண்டாவது வண்டிதான் நல்ல வண்டி, குறைவாக ஓடியது! இந்த யோசனையைக் கேட்டு ஒருவர் அதை வாங்கினால் அடுத்த மழைக்குள் பின் அச்சின் ஹவுசிங்கும் கிரவுன் பல்சக்கரமும் சேர்ந்து அவரை ஒர்க் ஷாப்பில் உட்கார வைக்கும். கட்டுரை எழுதியவரா வந்து பில் கட்டுவார்?

அந்த எண்ணையாவது நம்ப முடியுமா என்றால், அதுவும் முடியாது. மீட்டரைத் திருப்பி வைக்க ஆள் இருக்கிறது, போர்டையே மாற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஏறி இறங்கும் பக்கத்தில் டிரைவர் சீட்டு குழிந்து, கியர் ராடின் தலையில் நம்பரே அழிந்து கிடக்க, மீட்டர் மட்டும் 70,000 காட்டினால் அது யாருடைய கணக்கு? எளிதில் மாற்றி எழுதக்கூடிய ஓர் எண்ணின் மேல் தன் வாதம் முழுவதையும் ஏற்றி வைத்திருக்கிறார் இவர். வண்டியிலேயே மிக லேசான சாமான் அதுதான்.

சேஸிஸ் பொய் சொல்லாது. 2022 தை மாதம் தம்பிக்காக வண்டி தேடிக்கொண்டிருந்தோம். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு வண்டி, மீட்டரில் 1.1 லட்சம், பார்ப்பதற்குப் புதுசு போல. எங்களோடு வந்த மெக்கானிக் அண்ணன் பானட்டைத் திறக்கவே இல்லை. சாக்கு ஒன்றை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். சேஸிஸ் முழுக்கப் புதுக் கறுப்பு பெயின்ட். பத்து வருஷத்து வண்டிக்கு அடியில் யார் அழகு பார்க்கிறார்கள்? சாவி முனையால், பின்பக்க ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டுக்கு மேலே, மெதுவாகச் சுரண்டினார். பெயின்ட் தோலாக உரிந்தது. அதற்குக் கீழே பட்டி. பட்டிக்குக் கீழே, கம்பளிப்பூச்சி படுத்திருப்பது போல் ஒரு வெல்டிங் தழும்பு, விரல் நீளத்துக்கு. மறுபக்கமும் அதே இடத்தில் அதே தழும்பு. பட்டைகளை எண்ணினார். கம்பெனி வைத்ததைவிட இரண்டு கூடுதல். பாரம் தாங்காமல் சேஸிஸ் விரிந்து, ஒட்டவைத்து, மறுபடியும் அதிகப் பாரம் ஏற்றப் பட்டை சேர்த்திருக்கிறார்கள். அண்ணன் எழுந்து முழங்கையைத் துடைத்துக்கொண்டு, "வா தம்பி, டீ குடிக்கலாம்" என்றார். விலை கூடக் கேட்கவில்லை.

தம்பி கடைசியில் வாங்கியது 2013 மாடல், 2,31,000 கிலோமீட்டர், 3.4 லட்சம் ரூபாய். தக்காளி ஏற்றிய விவசாயி ஒருவரின் வண்டி. முதல் நாள் ராத்திரியே அவருக்குப் போன் போட்டு, நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். காலை ஆறு மணிக்குப் போய் முதலில் பானட்டின் மேல் கை வைத்துப் பார்த்தோம். குளிர்ந்திருந்தது. சூடாக்கி வைத்த இன்ஜின் எல்லா நோயையும் மறைத்துவிடும், அதனால்தான் இது. ஒரே செல்ஃபில் பிடித்தது. கொஞ்சம் கறும்புகை தள்ளி, அரை நிமிஷத்தில் தெளிந்தது. நீலப்புகை வந்திருந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், அங்கேயே திரும்பியிருப்போம். ஓடுகிற இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதே வாயில் கவிழ்த்து வைத்தார் அண்ணன். பேக் கம்ப்ரஷன் அடித்தால் மூடி குதித்துக் கீழே விழும். இது லேசாக நடுங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. கிளட்சும் நாலு டயரும் போயிருந்தன, கிங்பின்னில் ஆட்டம் இருந்தது. அதையெல்லாம் சொல்லி விலையில் குறைத்தோம். வாங்கிய கையோடு 90,000 ரூபாய்க்கு வேலை பார்த்தோம். கட்டுரையாளர் மீட்டரைப் பார்த்ததும் ஓடிப்போயிருக்க வேண்டிய வண்டி அது.

இப்போது டியூ. புது வண்டி ரோட்டுக்கு வர 10 லட்சம் என்று வைப்போம். 1.5 லட்சம் முன்பணம், 8.5 லட்சம் கடன், 5 வருஷம். ஃபைனான்ஸ்காரர் சொல்லும் "வெறும் 7 சதவீதம்" என்பதை இவரும் அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார். அது ஃபிளாட் வட்டி. கட்டக் கட்ட அசல் குறைந்தாலும், முழு 8.5 லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடும். ஐந்து வருஷத்துக்கு வட்டி மட்டும் 2,97,500 ரூபாய். மாத டியூ 19,125. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அந்த 7 சதவீதம் சுமார் 12.5 சதவீதம். இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதினாரா, தெரிந்தும் எழுதினாரா? எதுவானாலும், அடுத்தவர் குடும்பத்துக்குப் பண யோசனை சொல்லும் தகுதி அவருக்கு இல்லை.

ஐந்து வருஷம் கழித்துப் புது வண்டிக்கு மறுவிலை அதிகம் என்று அவர் வாதாடியிருந்தால் நான் உட்கார்ந்து பேசியிருப்பேன். அது உண்மை. பழைய வண்டியின் ரிப்பேர், கூடுதல் டீசல் எல்லாம் கூட்டினால் ஐந்து வருஷத்து மொத்தச் செலவு இரண்டுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வரலாம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மொத்தக் கூட்டல் யாரையும் தெருவில் நிறுத்துவதில்லை. ஒரு மாதம்தான் நிறுத்துகிறது. கிரவுன் போனால் வண்டி ஷெட்டில் நிற்கும். கையில் காசு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம், அதுவரை வண்டி நம்முடையது. மூன்று டியூ விட்டால் வண்டியே போய்விடும்.

என் தம்பிக்கு அதுதான் நடந்தது. கல்யாண மண்டபங்களுக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவன். 2018-இல் டியூ போட்டுப் புது பிக்கப் எடுத்தான். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. டியூவுக்கு மட்டும் ஆடியும் கிடையாது, மார்கழியும் கிடையாது. இருந்தும் ஒரு டியூ விடாமல் கட்டினான். 2020-இல் ஊரடங்கு வந்தது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அந்த ஆறு மாத வட்டி நிற்கவில்லை, கடனோடு சேர்ந்தது. செப்டம்பரில் அவகாசம் முடிந்தது, கல்யாணங்கள் ஐம்பது பேரோடு வீட்டு வாசலிலேயே முடிந்தன. எங்கிருந்து கட்டுவான்? 2021 பிப்ரவரியில் ஒரு நாள் காலை நாலு பேர் வந்து, வீட்டு வாசலிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே எட்டு அண்டா இருந்தது. அதை இறக்கிக்கொள்ள விட்டார்கள். ஏலத்தில் வந்த பணம் கடனுக்குப் பத்தவில்லை என்று மீதிக்கு நோட்டீஸ் வந்தது. வண்டியும் இல்லை, கட்டிய பணமும் இல்லை, மேலே பாக்கி. புது வண்டியில் "மன நிம்மதி" இருக்கிறது என்று கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. அந்த வருஷம் என் தம்பி மனைவி வாசலில் ஏதாவது வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள்.

டீசல் செலவு என்று அவர் கிளப்பும் பூதத்தையும் அளந்துவிடலாம். புது வண்டி லிட்டருக்கு 14 கொடுக்கிறது, பழையது 12 என்றே இருக்கட்டும். மாதம் 2,500 கிலோமீட்டருக்குக் கூடுதலாகப் போவது 30 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 2,760. அந்த 2,760-ஐக் காட்டி 19,125-க்குள் ஒருவரைத் தள்ளுவதற்குப் பெயர் ஆலோசனையா?

15 வருஷம் ஆனதும் அரசாங்கம் வண்டியைப் பிடுங்கி உடைத்துவிடும் என்று எழுதியிருப்பது அப்பட்டமான தவறு, பயமுறுத்தல். பத்து வருஷ டீசல் வண்டித் தடை டெல்லி வட்டாரத்துக்கான உத்தரவு. 15 வருஷம் தாண்டினால் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் வந்த விதி, அரசுத் துறை வண்டிகளுக்கு. நம் ஊர்ச் சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்.சி. (தகுதிச் சான்று), அதற்குப் பிறகு வருஷா வருஷம். 15 தாண்டினால் எஃப்.சி. கட்டணம் பல மடங்கு கூடும். அதனால் 14 வயது வண்டியை வாங்காதீர்கள், ஒன்பது பத்து வயதில் வாங்குங்கள் என்று சொல்லியிருந்தால் அது யோசனை.

உண்மையிலேயே மனிதரைக் கவிழ்க்கிற இடம் காகிதம். அதைப் பற்றி ஒரு வரி இல்லை என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆர்.சி.யில் பழைய ஃபைனான்ஸ் பெயர் அப்படியே இருந்தால், கடன் தீர்ந்தது என்று வாயால் சொல்வதைக் கேட்டுப் பணம் கொடுக்கக் கூடாது. ஃபைனான்ஸ்காரர் கையெழுத்திட்ட 35-ஆம் படிவமும் தடையில்லாச் சான்றும் கையில் வர வேண்டும். 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்து வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாற்ற வேண்டும், 30 நாளுக்குள். "அப்புறம் மாத்திக்கலாம்" என்கிற கன்சல்டிங்காரரிடம் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விற்கிறவருக்கும் இதில் ஆபத்து உண்டு: பெயர் மாறாத வண்டி விபத்தில் மாட்டினால் ஆர்.சி.யில் இருப்பவரே உரிமையாளர், இழப்பீட்டுக்குப் பொறுப்பும் அவரே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வரி, எஃப்.சி., இன்சூரன்ஸ், பாக்கி அபராதம் எல்லாவற்றையும் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தைச் சொல்லித்தர அவருக்கு இடம் இல்லாமல் போயிற்று, மீட்டருக்கு மட்டும் இடம் இருந்தது.

கையில் முழுப் பணம் இல்லாமல், பழைய வண்டிக்கும் கந்து வட்டி வாங்கிப் போடுகிறவரை நானும் தடுப்பேன். தினமும் 300 கிலோமீட்டர் ஒப்பந்த ஓட்டம் எழுத்தில் இருக்கிறவர், டியூ தேதிக்கு முன்னாலேயே பணம் வருகிறவர், புது வண்டியே எடுக்கட்டும். புகை விஷயத்திலும், 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டி காற்றுக்கு நல்லது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. இதையெல்லாம் பிரித்துப் பிரித்துச் சொல்வதுதான் எழுதுகிறவரின் வேலை. அவர் பிரிக்கவில்லை, எல்லோரையும் ஒரே வரியில் நிறுத்திப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சொல்லை அவர் திரும்பப் பெற வேண்டும். என் தம்பி வண்டியில் போன மாசம் கிரவுன் சத்தம் கொடுத்தது. ஆடி மாதம், கையில் காசு இல்லை. பதினெட்டு நாள் வீட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்தான். அண்டாக்களை வாடகை ஆட்டோவில் அனுப்பினான். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வந்ததும் கிரவுன் மாற்றினான். அந்தப் பதினெட்டு நாளும் வண்டி மரத்தடியிலேயே நின்றது. அதைக் கேட்டு ஒருத்தரும் வரவில்லை.