ஃபங்ஷன் போயாச்சு, ஆவணம் போகலையே: லினக்ஸில் 17 ஆண்டு நீடித்த ஒரு தவறான வரி

பாடி, அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பாகத்தின் டிராயிங் மாறினால், புது ரிவிஷனைக் கொடுத்தால் மட்டும் போதாது. மெஷின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பழைய தாளையும் எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் நைட் ஷிஃப்டில் வருபவர் அதைப் பார்த்தே ஒரு லாட் ஓட்டிவிடுவார், மொத்தமும் ரிஜெக்ட். காலாவதியான ஆவணம் தவறிப்போய்க்கூட பயன்பாட்டுக்கு வரக் கூடாது என்று ஐஎஸ்ஓ 9001 தர விதியின் 2008 பதிப்பே சொன்னது. பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் 1998-லும், லூகாஸ் டிவிஎஸ் 2004-லும் டெமிங் பரிசு வாங்கியதற்குப் பின்னால் இந்த மாதிரி ஒழுங்குகளும் உண்டு.

மென்பொருளில் இந்த ஒழுங்கு எப்படி இருக்கிறது? ஆண்ட்ராய்டு போன் முதல் சர்வர் வரை ஓடும் லினக்ஸ் கெர்னலையே எடுத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டைமரை நிறுத்த அதில் ‘டெல்_டைமர்_சிங்க்’ என்றொரு ஃபங்ஷன் இருந்தது. டைமர் தன்னைத்தானே மறுபடி மறுபடி சேர்த்துக்கொண்டால், எத்தனை முறை நீக்க வேண்டியிருந்தது என்ற எண்ணிக்கையை இது திருப்பித் தரும் என்று கெர்னலின் அதிகாரபூர்வ ஆவணம் சொன்னது. 2003-ல் அது உண்மைதான். 2005-ல் நிரலைத் திருத்தி எழுதினார்கள். அதன்பின், காத்திருந்த டைமரை நிறுத்தியதா இல்லையா என்பதை மட்டுமே அது சொன்னது. ஆவணத்தை யாரும் தொடவில்லை. 2022 நவம்பரில் தாமஸ் கிளைக்ஸ்னர் அந்த வரியை நீக்கும்வரை, 17 வருஷம் அது அப்படியே கிடந்தது.

உலகின் கெட்டிக்கார புரோகிராமர்கள் பார்க்கும் இடத்திலா இப்படி? காரணம் ரொம்ப சாதாரணமானது. நீக்கிய ஃபங்ஷனை நிரலில் எங்காவது அழைத்தால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். ஆவணத்தின் உரைநடைக்குள் அதே பெயர் இருந்தால் எதுவும் உடையாது, யாருக்கும் எச்சரிக்கை வராது. நிரலோடு இணைத்து எழுதிய விளக்கக் குறிப்புகளை மட்டும் ஆவணத் தொகுப்புக் கருவி ஓரளவு சோதிக்கிறது. மற்றதெல்லாம் மனுஷக் கண்ணை நம்பித்தான்.

பிறகு பெயரும் மாறியது. 2023-ல் வந்த 6.2 பதிப்பில் ‘டைமர்_டிலீட்_சிங்க்’ என்ற புதுப்பெயர் சேர்ந்தது. ஆவணங்களிலும் அப்போதே மாற்றினார்கள். பழைய பெயர் 2 வருஷத்துக்கு மேல் கூடவே இருந்து, 2025 மே மாதம் வெளியான 6.15-ல் நீங்கியது. முதலில் ஆவணம், கடைசியில் நீக்கம் என்ற இந்த வரிசைதான் சரி என்பது என் கருத்து. தலைகீழாகச் செய்தால் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டது அப்படியே நின்றுவிடும்.

பாதிப்பு அதிகம் யாருக்கு? கற்றுக்கொள்கிறவர்களுக்கு. டிவைஸ் டிரைவர் எழுதப் பழகும் நம்மூர் மாணவர்கள் பலர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்’ மூன்றாம் பதிப்பைத்தான் எடுக்கிறார்கள். 2005-ல் வந்த புத்தகம், கெர்னல் 2.6.10-க்கு எழுதியது. அதிலுள்ள ‘இனிட்_டைமர்’ 4.15 பதிப்பிலேயே போய்விட்டது. அப்படியே தட்டச்சு செய்தால் கம்பைல் ஆகாது. தப்பு தன்னுடையது என்று நினைத்து ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். பழைய பக்கங்களைப் படித்து வளர்ந்த ஏஐ உதவியாளரும் அதே பழைய பெயரை எடுத்துக் கொடுக்கலாம். அச்சான புத்தகத்தைத் திருத்த முடியாது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான ஜோனதன் கார்பெட்தான் பல வருஷமாகக் கெர்னல் ஆவணங்களைப் பராமரிப்பவர். அங்கே யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம்.

புதியவர்களுக்கு இது நல்ல முதல் வேலை. நீங்கிய பெயரை ‘கிட் கிரெப்’ கட்டளையால் ஆவண அடைவில் தேட வேண்டும். பெயரை மட்டும் மாற்றிவிட்டு நகரக் கூடாது. சுற்றியுள்ள வாக்கியம் இப்போதும் உண்மையா என்று நிரலோடு ஒப்பிட வேண்டும். 17 வருஷம் தப்பியது பெயர் அல்ல, வாக்கியம்தான். மொழிபெயர்ப்பு அடைவையும் பார்க்க வேண்டும். சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானிஷ் என்று அங்கே தனித்தனிப் பிரதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாகத்தான் திருத்தியாக வேண்டும்.