எண்ணைக் காட்டி ஏமாற்றுகிறார்கள்

போன வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் நல்ல கூட்டம். திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கிற சன்னதி. கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? சாமி கும்பிட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தால், கல்லூரியில் சேரப்போகும் அக்கா மகன் லேப்டாப் கடை நோட்டீஸ் ஒன்றை நீட்டினான். "மாமா, இது 45 டாப்ஸ். நீங்க சொன்னது வெறும் 11 தான். நாலு மடங்கு வேகம் மாமா." நான் வாயெடுப்பதற்குள் பக்கத்து பெஞ்சுக்காரர், "ஆமா தம்பி, ஏஐ-க்கு அதானே வேணும்" என்று ஒத்து ஊதினார்.

யார்தான் இப்படிச் சொல்லவில்லை? கடைக்காரர் சொல்கிறார், யூடியூப் விமர்சகர் சொல்கிறார், கணினி கற்பிக்கும் பேராசிரியர்களே சொல்கிறார்கள். ஒரு சிப், வினாடிக்கு எத்தனை லட்சம் கோடிக் கணக்குப் போட முடியும் என்பதுதான் டாப்ஸ். எல்லா எண்களும் கைக்கெட்டும் தூரத்தில் தயாராகக் காத்திருந்தால் போட முடியும் என்று பொருள். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட், ஒரு கணினிக்கு 'கோபைலட் பிளஸ்' என்ற பட்டம் வேண்டுமானால் 40 டாப்ஸ் இருந்தாக வேண்டும் என்று கோடு கிழித்தது. அன்று பிடித்த சனி இன்னும் விடவில்லை.

இவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: 92 டாப்ஸ் சிப் 2.8 கொடுத்த கதை தெரியுமா? கூகுள் 2015 முதல் தன் தரவு மையங்களில் ஓட்டிய, டிபியு எனும் ஏஐ சிப்களில் முதலாவது அது. 256-க்கு 256 கட்டம், ஆக 65,536 பெருக்கிகள். காகிதத்தில் 92 டாப்ஸ். 2017-ல் கூகுளின் நார்மன் ஜூப்பியும் அவருடைய குழுவினரும் உண்மைக் கணக்கை ஒரு கட்டுரையில் வெளியிட்டார்கள். எல்எஸ்டிஎம் வகை நியூரல் நெட்வொர்க் ஒன்றை ஓட்டியபோது கிடைத்தது 2.8. நூற்றுக்கு மூன்று. பெருக்கிகளில் குறையில்லை; பெருக்க எண் வந்து சேரவில்லை. வெளி மெமரியிலிருந்து வினாடிக்கு 34 ஜிபிதான் உள்ளே வரும். உள்ளே வரும் ஒவ்வொரு பைட்டையும் வைத்து 1350 பெருக்கல் செய்தால்தான் அத்தனை பெருக்கிகளுக்கும் வேலை இருக்கும். அந்த நெட்வொர்க்கில் ஒரு பைட்டுக்கு இருந்த வேலையோ 96 பெருக்கல். மீதி நேரமெல்லாம் மின்சாரம் தின்றுகொண்டு சும்மா நின்றன.

படம் பார்க்கும் வகை நெட்வொர்க் ஒன்று 86 தொட்டதே என்று யாராவது கிளம்புவார்கள். தொட்டது, மகராசனாய் இருக்கட்டும். அந்த வகை வேலை கூகுளின் மொத்தச் சுமையில் 5 சதவீதம்.

இன்னொரு கூத்தும் அதே கட்டுரையில் இருக்கிறது. பெருக்கிக் கட்டத்தை 512-க்கு 512 ஆகப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். சராசரி வேகம் கொஞ்சம் குறைந்தது! கட்டத்தைத் தொடாமல் வேகமான மெமரியை மட்டும் வைத்துக் கணக்கிட்டார்கள். மூன்று மடங்கு ஏறியது. அடுத்த டிபியுவில் கூகுள் எச்பிஎம் என்ற வேகமான மெமரியை வைத்தது. விளம்பர எண் ஒரு சிப்புக்கு 92-லிருந்து சுமார் 45 ஆக இறங்கியது. முன்னது முழு எண் கணக்கு, பின்னது தசமக் கணக்கு, ஒப்பிடக்கூடாது என்பீர்கள். நோட்டீஸ் அடிக்கிறவர் மட்டும் எதை எதோடு ஒப்பிடுகிறாராம்?

அரியலூர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். சிமென்ட் அதிகம் விற்பது சென்னையில். ஆலைகள் இருப்பதோ அரியலூரைச் சுற்றி, சுண்ணாம்புக்கல் கிடைக்கும் ரெட்டிப்பாளையத்திலும் ஆலத்தியூரிலும் டால்மியாபுரத்திலும். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். சூளையில் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். பறக்கப்போகிற எடையை லாரியில் ஏற்றி இருநூற்றைம்பது கிலோமீட்டர் இழுக்க எந்த முதலாளிக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. சூளை எத்தனை டன் எரிக்கும் என்று பெருமையடித்து, கல் வரும் பாதையைச் சொல்லாமல் விட்டால் அரியலூரில் சிரிப்பார்கள். சிப் வியாபாரத்தில் அதற்குக் கைதட்டுகிறார்கள்.

செலவுக் கணக்கையும் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹொரோவிட்ஸ் 2014-ல் காட்டியது: 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் ஒரு 32 பிட் தசமப் பெருக்கலுக்கு 3.7 பிக்கோஜூல், டிராம் மெமரி வரை ஒரு தடவை போய் வர 1300 முதல் 2600 பிக்கோஜூல். பெருக்கல் கிட்டத்தட்ட இலவசம், போக்குவரத்துதான் செலவு. அதைக் குறைக்கத்தான் குங்கும் லெய்சர்சனும் 1978-லேயே, ஒரு தடவை எடுத்த எண்ணைப் பெருக்கிக்குப் பெருக்கி கைமாற்றி அனுப்பும் சிஸ்டாலிக் அமைப்பைச் சொல்லிவிட்டார்கள். எம்ஐடியின் ஐரிஸ் சிப் ஒவ்வொரு பெருக்கிக்கும் பக்கத்திலேயே சின்ன மெமரியை வைத்தது. 2022-ல் வந்த ஃபிளாஷ் அட்டென்ஷன் என்ற மென்பொருள் உத்தி இன்னும் ஒரு படி மேல்: சில கணக்குகளை வேண்டுமென்றே இரண்டாம் தடவை போட்டு, மெமரிக்குப் போகும் நடையைக் குறைத்தது. வேகம் கூடியது. கணக்கு அதிகம், நேரம் குறைவு. டாப்ஸ் பக்தர்கள் இதை எந்த உண்டியலில் போடுவார்கள்? என்விடியாவின் எச்200 சிப்பையும் பாருங்கள். முந்தைய எச்100-இன் அதே கணக்குத் திறன். மெமரி மட்டும் 80 ஜிபியிலிருந்து 141 ஆகவும், வினாடிக்கு 3.35 டெராபைட்டிலிருந்து 4.8 ஆகவும் ஏறியது. புதுப் பெயரில் விற்றார்கள். வாங்கத் தெரிந்தவர்கள் வாங்கினார்கள்.

இப்போது நம் பையனின் லேப்டாப். 700 கோடி அளவுருக்கள் கொண்ட மொழி மாதிரியை 4 பிட்டாகச் சுருக்கினாலும் 3.5 ஜிபி. அது ஒவ்வொரு சொல்துண்டை எழுதும்போதும் இந்த 3.5 ஜிபியையும் மெமரியிலிருந்து ஒரு தடவை முழுக்கப் படித்தாக வேண்டும். கடைகளில் ஒரே ஒரு டிடிஆர்5-5600 ரேம் ஸ்டிக்கைச் செருகி விற்கும் லேப்டாப்பில் வினாடிக்கு 44.8 ஜிபிதான் வரும். ஆக, 12 துண்டுக்கு மேல் தலைகீழாக நின்றாலும் வராது. 45 டாப்ஸ் ஆனாலும், 450 டாப்ஸ் ஆனாலும். இரண்டாவது ஸ்டிக்கைச் செருகினால் வேகம் இரட்டிப்பாகும். அதைச் சொல்ல ஒரு கடையிலும் ஆள் இல்லை. பை இலவசம், மவுஸ் இலவசம் என்று சொல்ல மட்டும் நாலு பேர்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வானேன்? 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை இந்தியா ஏஐ திட்டத்துக்கு 10,300 கோடிக்கு மேல் ஒதுக்கியதும் எல்லாச் செய்தியிலும் 'பத்தாயிரம் ஜிபியு' என்றுதான் தலைப்பு. அவற்றுக்கிடையே தரவு எந்த வேகத்தில் ஓடும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் பெரம்பலூர் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் ஏஐ பிரிவுக்கு இடம் கிடைக்காமல் அலைகிறார்கள். கணினிக் கட்டமைப்புப் பாடமோ தேர்வுக்கு முந்தைய ராத்திரி மனப்பாடம். சென்னை ஐஐடி சக்தி என்று சொந்தமாக ஒரு பிராசஸரையே வடிவமைத்திருக்கிறது. அதைக் கேள்விப்பட்ட மாணவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதில் தமிழனுக்குத் தனித் தண்டனை உண்டு. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். நம் 'கோ'வுக்கு ஆறு. ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த மாதிரிகள் தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாக நறுக்குகின்றன. துண்டுக்கொரு தடவை அந்த மூன்றரை ஜிபி நகர வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுபவன் ஒரு தடவை இழுத்து முடிப்பதைப் பெரம்பலூர்க்காரன் பல தடவை இழுக்கிறான். பேட்டரியும் அவனுடையது, காத்திருப்பும் அவனுடையது. துண்டாக்கும் முறையைத் தமிழுக்கு ஏற்பத் திருத்தினால் ஒரு டாப்ஸும் கூட்டாமலே வேகம் ஏறும். ஆனால் நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட அதில் எண் ஏதும் கிடைக்காதே!