கரும்பலகை யாருக்கு?

டிசம்பர் 22 வந்தால் ராமானுஜன் பிறந்தநாளைத் தேசிய கணித நாளாகக் கொண்டாடுகிறார்கள். கூடவே ‘கணக்கு சிலர் ரத்தத்திலேயே ஊறியது’ என்ற பேச்சும் வந்துவிடுகிறது. அந்தப் பேச்சைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

ராமானுஜன் ஏழைதான், மேதைதான். ஆனால் கல்லூரித் தேர்வில் தோற்ற அவருக்குச் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913இல் அவர் அனுப்பிய கடிதத்தை ஹார்டி வாசித்தார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் உதவித்தொகை தந்தது. தோற்றவரை நம்ப ஆட்கள் இருந்தார்கள்.

அவருக்கு மூன்று ஆண்டு இளையவர் அம்பேத்கர். பம்பாய்ப் பள்ளியில் கணக்குப் போட ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். பலகைக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டு டப்பாக்கள் தீட்டாகிவிடும் என்று சாதி இந்துப் பிள்ளைகள் பாய்ந்து எடுத்தார்கள். தனஞ்செய் கீர் எழுதிய அம்பேத்கர் வரலாற்றில் இது இருக்கிறது.

விடை தெரியாத கேள்வியோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டுபவரே கணிதவியலாளர். அதற்குத் தோற்கும் உரிமை வேண்டும். ராமானுஜன் தோற்றதை மேதைமைக்கு அடையாளம் என்பவர்கள், நம் பிள்ளை தோற்றால் ‘கோட்டா’ என்கிறார்கள்.

தோழர்களே, இரவுப் பாடசாலைகளில் நாம் வாய்ப்பாட்டோடு நிறுத்த வேண்டாம். பிள்ளைகளைப் பலகைக்கு அழைப்போம். தப்பாகப் போடட்டும், அழித்துவிட்டு மறுபடி போடட்டும். ஆய்வு உதவித்தொகைக்கும் சேர்த்தே போராடுவோம்.